டீச்சர் சொல்லாத வாக்கியம்

அந்தப் படத்தில் வேலை செய்ய என்னைக் கூப்பிட்டபோது, உயிர்கள் எப்படி உண்டாயின என்பதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கென்று ஒரு நம்பிக்கை இருந்து, அதற்காக நான் செய்ததைச் செய்திருந்தால், இன்றைக்கு இதைக் கொஞ்சம் தலைநிமிர்ந்து எழுதியிருக்கலாம்.

ஆக்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஒரு கம்பெனியில் ஐ.டி. சப்போர்ட் வேலை. கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று யாராவது கூப்பிட்டால், அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். மதுரையில் கல்லூரி நாட்களில் நான் இரண்டு குறும்படம் எடுத்தவன் என்பது இங்கே என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால், ஆவணப்படம் எடுக்கும் ஒருவர் தமிழ் தெரிந்த ஆளைத் தேடுகிறார் என்று கூட வேலை செய்பவர் சொன்னதும், மதியச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் போன் செய்தேன்.

இயக்குநர் அறுபதை ஒட்டிய வெள்ளைக்காரர். அதற்கு முன்பு கடல்பறவைகளைப் பற்றிப் படம் எடுத்தவர். மெதுவாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அதை மறைத்ததும் இல்லை, யார்மேலும் திணித்ததும் இல்லை. உயிர்கள் பரிணாமத்தில் மெல்ல மெல்ல இப்படி ஆனவையா, அல்லது ஏதோ ஒரு அறிவு திட்டம் போட்டு வடிவமைத்தவையா என்ற அந்தப் பழைய சண்டையைத்தான் அப்போது படமாக எடுத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும் பேசட்டும். முடிவு பார்க்கிறவங்களுடையது" என்றார். பேராசிரியர்கள் இரண்டு பக்கத்துக்கும் கிடைத்துவிட்டார்கள். வெவ்வேறு நாட்டிலிருந்து இங்கே வந்து சேர்ந்த சாதாரண மனிதர்கள்தான் வேண்டும். அதில் அறிவியல் சொல்லிக்கொடுத்த ஒருவர் இருந்தால் ரொம்ப நல்லது என்றார்.

எனக்கு டீச்சர் ஞாபகம் வந்தது.

டீச்சரைக் கோயிலில் பழக்கம். யாழ்ப்பாணத்தில் பெரிய வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்தவர். இங்கே ஒனிஹங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. கணவர் இல்லை. மவுண்ட் வெல்லிங்டனில் மகளோடு இருந்தார். மகள் இங்கே பிறந்த பெண், பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தமிழில் கேட்பார், மகள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். வீட்டு விஷயம் என்றால் அவளுக்குத் தமிழ் போதும்; அதற்கு மேல் போனால் புரியாது.

நான் கேட்டபோது டீச்சர் தயங்கினார். "இங்கிலீஷில கதைக்கச் சொன்னா எனக்கு ஏலாது தம்பி. வேலையில சமாளிப்பன். கமராவுக்கு முன்னால பிழை பிழையாக் கதைச்சு, பிறகு ஆக்கள் சிரிக்க..."

"தமிழ்லயே பேசுங்க டீச்சர். கீழ இங்கிலீஷ் வரி நான் போடுறேன்."

"நீங்கள் போடுறதெண்டா சரி" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை டீச்சர் வீட்டு ஹாலில் படம் பிடித்தோம். அவர் நீலப் புடவை கட்டி, வாசல் பக்கம் வெளிச்சம் வரும்படி உட்கார்ந்திருந்தார். மகள் பகுதிநேர வேலைக்குப் போயிருந்தாள். பேச்சை நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்க வேண்டாம், ஓட்டம் கெடும், பிறகு எழுதிக் கொடுங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அதனால் நான் கேள்வியை மட்டும் கேட்டேன். டீச்சர் நாற்பது நிமிடம் பேசினார்.

முதல் ஐந்து நிமிடத்தில் 'கூர்ப்பு' என்ற சொல் நாலைந்து தடவை வந்தது. எனக்குப் புரியவில்லை. கூர்மை என்று ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். நிறுத்திக் கேட்டேன்.

"ஐயோ தம்பி, நீங்கள் பரிணாமம் எண்டு சொல்லுறதைத்தான் நாங்கள் கூர்ப்பு எண்டு படிப்பிக்கிறனாங்கள்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு கண்ணைப் பற்றிப் பேசினார். விரலைத் தன் இமைமேல் மெல்ல வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கண்ணைப் பாருங்கோ. ஆரோ ஒருத்தர் இருந்து யோசிச்சுச் செய்து வச்ச மாதிரித்தான் கிடக்கு." ஒரு மூச்சு விட்டார். "ஆனா அப்பிடித் தெரியிறது வேற, நடந்தது வேற. இதைச் சொல்லித்தான் நான் கூர்ப்புப் பாடத்தைத் தொடங்கிறனான். பிள்ளையள் எல்லாம் 'ஓம் டீச்சர், கடவுள்தான் செய்தவர்' எண்டுங்கள். பிறகுதான் குருட்டிடத்தைக் காட்டுவன்."

கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். "எங்கட கண்ணில நரம்பெல்லாம் விழித்திரைக்கு முன்பக்கத்தால ஓடுது. பிறகு எல்லாம் ஒண்டாச் சேர்ந்து ஒரு ஓட்டையால பின்னுக்குப் போகுது. அந்த ஓட்டை இருக்கிற இடத்தில பார்வை இல்லை. சுவருக்குப் பின்னால இழுக்க வேண்டிய வயரை முன்னால இழுத்துப்போட்டு, பிறகு சுவரைத் துளைச்ச வேலை. கடல்ல கிடக்கிற கணவாயைப் பாருங்கோ, அதுக்கு வயர் பின்னாலதான். குருட்டிடமே இல்லை. யோசிச்சுச் செய்த ஆள், கறிக்கு வெட்டுற கணவாய்க்குத் திறமானதைக் குடுத்திட்டு எங்களுக்கு மிச்சத்தையோ தந்தவர்? அப்பிடி இல்லை. அது வந்த வழி வேற, நாங்கள் வந்த வழி வேற."

உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையா என்று இயக்குநர் என் மூலமாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போறனான். அங்க போய் நான் விழித்திரையைப் பற்றிக் கேக்கிறேல்லை" என்றார்.

திரும்பி வரும்போது காரில் இயக்குநர் கேட்டார்: "எப்படி இருந்தது?" அவர் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. அந்த விரலும் இமையும் வாசல் வெளிச்சமும் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டன. நான், "அருமை. கண்ணைப் பத்தி ரொம்ப வியந்து பேசினாங்க" என்றேன். பொய் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

முழுப் பேச்சையும் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னவன் கொடுக்கவில்லை. வேலை, அலுப்பு, நாளைக்குப் பார்க்கலாம். ஒரு மாதம் ஓடிவிட்டது. படத்தொகுப்பு நடந்த இடம் இயக்குநர் வீட்டு கராஜ். ஒரு மதியம் அங்கே போனபோது திரையில் டீச்சர் முகம் உறைந்து நின்றது. விரல் இமைமேல்.

"இங்கே என்ன சொல்றாங்க?"

"யாரோ யோசிச்சு இதைச் செஞ்சிருக்காங்கன்னு சொல்றாங்க" என்றேன்.

'மாதிரி' என்ற சொல் என் வாயில் வரவில்லை. மறந்தேனா என்றால், மறக்கவில்லை. சொல்ல வாயெடுத்தபோது அவர் முகம் மலர ஆரம்பித்துவிட்டது. அதை வாடவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் கீபோர்டில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "வாக்கியம் இங்கேயே முடியுதா? எனக்கு மொழி தெரியாது, அதான் கேட்கிறேன்."

டீச்சர் மூச்சு விட்ட இடம் அது. அடுத்த சொல் 'ஆனா'. அது எனக்குத் தெரியும்.

"முடியுது" என்றேன்.

"அதுக்கப்புறம் கையை ஆட்டிப் பேசறாங்களே?"

"அது பாடம் நடத்துற மாதிரி டெக்னிக்கலா இருக்கு. உங்ககிட்டதான் பேராசிரியர்கள் இருக்காங்களே."

அவர் வெட்டினார். நான் கீழே இங்கிலீஷில் வரி போட்டேன்: யாரோ ஒருவர் சிந்தித்து இந்தக் கண்ணை உருவாக்கியிருக்கிறார். அவ்வளவுதான் வரி. அன்று மாலை அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்து, "நீங்க இல்லைன்னா இந்த இடம் படத்துக்குக் கிடைச்சிருக்காது. உங்க பெயரை இணைத் தயாரிப்பாளர்னு போடப் போறேன்" என்றார். அதற்கு முன் அவர் எனக்கு எதையும் தருவதாகச் சொன்னதில்லை. கைமாறாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கோயிலில் நாலு பேரிடம் சொன்னேன்.

முதல் திரையிடல் ஏவன்டேலில் ஒரு சமூகக் கூடத்தில், சனிக்கிழமை மதியம். எண்பது பேர் இருக்கலாம். தமிழர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். டீச்சர் அதே நீலப் புடவையில் மகளோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட அவரோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள். நான் ஓரத்தில் நின்றேன்.

படத்தில் டீச்சர் வந்தது பதினைந்து நொடி. விரல் இமைமேல் போனது, வாக்கியம் வந்தது, உடனே ஒரு பூ விரியும் காட்சி. முன் வரிசையில் மகள் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், மீதி வரும் என்று காத்திருக்கிறவர் போல. படம் முடிகிறவரை அப்படியே இருந்தார்.

முடிந்ததும் கேள்வி நேரம். இயக்குநர் மேடைக்கு டீச்சரையும் அழைத்தார், பக்கத்தில் மொழிபெயர்க்க என்னையும். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து, "அறிவியல் ஆசிரியராக இருந்தும், இது வடிவமைக்கப்பட்டதுதான் என்ற முடிவுக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள்?" என்று டீச்சரிடம் கேட்டார்.

நான் டீச்சர் பக்கம் குனிந்து, "கண்ணைப் பத்தி உங்களுக்கு எப்படி ஆர்வம் வந்துச்சுன்னு கேக்கிறாங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தவர். அந்தக் கேள்வி புரியாத அளவுக்கு அவர் இங்கிலீஷ் குறைவில்லை.

"அவ அதைக் கேக்கேல்லையே" என்றார். மைக்கில் அது கேட்டது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார்.

எண்பது பேர் என் வாயைப் பார்த்தார்கள். பக்கத்தில் இயக்குநர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன்: "இது ரொம்பப் பெரிய கேள்வி, ஒரு படத்துக்குள் அடங்காது என்கிறார்."

கை தட்டினார்கள்.

டீச்சர் மைக்கை மேசைமேல் வைத்தார். சத்தம் வராமல், பார்த்து வைத்தார். "தேங்க் யூ" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். தமிழர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. டீச்சர் தமிழில் சொன்னதும் நான் இங்கிலீஷில் சொன்னதும் அவர்களுக்குப் புரிந்திருந்தது.

டீ மேசையருகே மகள் வந்தாள். இங்கிலீஷில்தான் கேட்டாள்: "அங்கிள், அம்மா நிஜமாவே அப்படிச் சொன்னாங்களா?"

உண்மையைச் சொல்ல அதைவிட எளிதான இடம் எனக்குக் கிடைத்திருக்காது. ஒரே ஆள், நேரடிக் கேள்வி. "படத்துல வர்றது அம்மா பேசினதுதானேம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய் அம்மாவின் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்குத் திரையிடலுக்கு என் மனைவியும் வந்திருந்தாள். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, டீச்சர் 'செய்து வச்ச மாதிரி'ன்னுதானே சொன்னாங்க? கீழ மாதிரியைக் காணோமே?"

"சப்டைட்டில்ல அவ்வளவு இடம் இருக்காது."

"ஒரு வார்த்தைக்கு இடம் இல்லையா?"

நான் கழுவிய தட்டுகளை எடுத்து அடுக்கினேன். "அவங்க மேடையில சொன்னதையும் ஏன் மாத்தினீங்க?" என்றாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று வாரம் நான் கோயில் பக்கம் போகவில்லை. டீச்சருக்கு போன் செய்ய எடுத்து, எடுத்து, வைத்தேன்.

அந்த மூன்று வாரமும் மனதுக்குள் ஒரு வழக்கு நடத்தினேன். இயக்குநர்தானே வெட்டினார், அவர் நம்பிக்கைக்கு ஏற்றபடி படத்தை வளைத்தார், நான் கீழே வரி போடுகிறவன். இப்படி எவ்வளவு சொல்லியும் தூக்கம் சரியாக வரவில்லை. கடைசியில் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையில் அவர் கராஜுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது நிமிடப் பேச்சையும் ஓடவிட்டு, வரி வரியாக மொழிபெயர்த்தேன். கணவாய் வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிந்ததும் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"வாக்கியம் முடியுதான்னு கேட்டேனே" என்றார்.

"கேட்டீங்க."

"நான் நம்புறதை நான் நம்புறேன். அதுக்கு அந்தம்மா சொல்லாததைச் சொன்னதா காட்டணும்னு எனக்கு என்ன தேவை?" குரலை உயர்த்தவில்லை. "எதிர்ப்பக்கத்து ஆட்கள் நாங்க இப்படித்தான் வெட்டி ஒட்டுறோம்னு சொல்வாங்க. நான் கோபப்படுவேன். இப்ப அவங்க சொன்னது சரின்னு ஆகிப்போச்சு."

என் கண்முன்னாலேயே அந்தப் பதினைந்து நொடியையும் படத்திலிருந்து எடுத்தார். பேச்சு முழுவதையும் சரியாக மொழிபெயர்த்துத் தாருங்கள், குருட்டிடம் வரை வைக்க அந்தம்மா சம்மதித்தால் வைக்கிறேன், இல்லையென்றால் அவர் இல்லாமலே போகட்டும் என்றார். நான் குற்றம் சாட்டத் தயாராக வைத்திருந்த ஒரே ஆளும் இல்லாமல் போனார். மறுநாளே அவர் தனியாக டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது.

நான் போனது அந்த வார ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் கதவைத் திறந்தார். வாங்கோ என்று சொல்லவில்லை, கதவை விட்டு விலகி நின்றார். உள்ளே போனேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன்.

"அவரும் வந்தவர்" என்றார் டீச்சர். "நான் தேத்தண்ணி குடுத்தனான். அவர் தமிழ் தெரியாத ஆள் தம்பி. நீங்கள் தெரிஞ்ச ஆள்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படத்தில வெட்டினதைக்கூட நான் விடுவன். மேடையில நான் உங்களுக்குப் பக்கத்தில நிண்டு சொன்னனான். என்ர காதுக்குக் கிட்ட நிண்டு நீங்கள் மாத்திச் சொன்னீங்கள். எனக்கு அந்த இங்கிலீஷ் விளங்கினது. திருப்பிச் சொல்லத்தான் வாய் வரேல்லை. பிழையாச் சொல்லிப்போடுவனோ எண்டு பயம்."

"படத்துல உங்க முழுப் பேச்சையும் வைக்கிறதா அவர்..."

"வேண்டாம். எனக்கு அந்தப் படத்தில இருக்க விருப்பமில்லை." உள்பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "இவளுக்குச் சொல்லுங்கோ. அவர் வந்தநேரம் இவள் வீட்டில இல்லை. நான் சொல்லிப் பாத்திட்டன். அம்மா இப்ப வெக்கத்தில மாத்திக் கதைக்கிறா எண்டு நினைக்கிறாள். எழுத்தில வந்ததை நம்புறாள், நான் சொல்லுறதை நம்புறாளில்லை" என்றார்.

மகள் வந்து உட்கார்ந்தாள். நான் அவளிடம் இங்கிலீஷில், சுற்றி வளைக்காமல் சொன்னேன். உன் அம்மா அப்படிச் சொல்லவில்லை. நான்தான் அப்படி எழுதினேன். நீ கேட்ட அன்றைக்கும் உன்னிடம் பொய் சொன்னேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து, நாற்பது நிமிடத்தையும் போட்டு, நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வயரைச் சுவருக்கு முன்னால் இழுத்த இடம் வந்தபோது மகள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். "இது போன வாரம் எங்க லெக்சர்ல வந்தது" என்றாள். அம்மாவைப் பார்த்தாள். "நீங்க இதைத்தான் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தீங்களா?"

"ஓம்" என்றார் டீச்சர். "மாட்டுக்கண்ணை வெட்டிக் காட்டித்தான் படிப்பிச்சனான். ரெண்டு பிள்ளையள் மயங்கி விழுந்ததுகள்."

மகள் அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கே, எத்தனை பிள்ளைகள், கண் எங்கிருந்து கிடைத்தது என்று அம்மாவிடம் இங்கிலீஷில் கேட்க, அவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். புரியாத சொல்லுக்குக்கூட அவள் என் பக்கம் திரும்பவில்லை. போனில் தேடிக்கொண்டாள். நான் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வாசல்வரை மகள் வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம், "அன்னைக்குக் கார்ல நான் அம்மாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா அங்கிள்?" என்றாள். "என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் இந்தப் படத்தைப் பார்த்துடக் கூடாது, எனக்கு அவமானமா இருக்குன்னு சொன்னேன். வீடு வர்ற வரைக்கும் அழுதாங்க. நான் ரேடியோ போட்டுக்கிட்டேன்." அவள் என்மேல் கோபமாக இருந்தாளா, தன்மேலா என்று எனக்குத் தெரியவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

படம் டீச்சர் இல்லாமல் வேறு ஊர்களுக்கும் போனது. என் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன், எடுத்துவிட்டார்கள். மறுபடி கோயிலுக்குப் போக ஆரம்பித்தபோது, டீச்சர் வந்த சீன் இப்போது ஏன் இல்லை என்று சிலர் கேட்டார்கள். "படம் நீளமாயிருச்சு, குறைச்சாங்க" என்றேன். இவ்வளவுக்கும் பிறகும் அப்படித்தான் சொன்னேன், ஒருமுறை அல்ல, நாலைந்து முறை.

போன மாதம் கோயில் அன்னதான வரிசையில் என் பக்கத்தில் நின்றவர் அதே கேள்வியைக் கேட்டார். எங்கள் ஊர்க்காரர், கணக்கர். தட்டைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக, "அவங்க சொன்னதை நான் தப்பா மொழிபெயர்த்தேன். வேணும்னே. அதனால எடுத்துட்டாங்க" என்றேன். அவர் கொஞ்சம் என்னைப் பார்த்தார். "ஓ" என்றார். பிறகு, இங்கே பார்க்கிங்தான் வரவர மோசமாகிவிட்டது, இன்றைக்கு மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தேன் என்று சொல்ல ஆரம்பித்தார். ஆமா, எனக்கும் அப்படித்தான் என்றேன். வரிசை நகர்ந்தது.